தலைநகரில் ஒரு நாள்

தோட்டப்புறங்களில் வாழும் நம் அன்பர்களுள் கோலாலம்பூருக்குச் செல்லாதவர் மிகச் சிலரே. ஆயினும், கோலாலம்பூரைக் கண்டவர் எத்தனை பேர் என்று வினவினால் விடை வேறாக இருக்கும். தைப்பூசத்திற்கு முன்னாள் இரவு பேருந்தில் ஏறி, விடியுமுன் பத்துமலையில் இறங்கி, 272 படிகளையும் ஏறி முருகப் பெருமானை வணங்கிவிட்டு, மறுநாள் இரவே தோட்டத்திற்குத் திரும்பிவிடுவோர் பலர். பேருந்துச் சன்னலின் வழியே விளக்கு வரிசைகளாகத் தெரிந்து மறைந்ததே அவர்கள் அறிந்த தலைநகர். மருத்துவத்திற்காக வந்தவர்கள் மருத்துவமனையை அறிவார்கள். உறவினர் வீட்டுத் திருமணத்திற்கு வந்தவர்கள் திருமண மண்டபத்தை அறிவார்கள். அதற்கு அப்பால் உள்ள நகரம் யாருக்கோ உரியது என்னும் எண்ணம் நம் மக்களிடையே நெடுங்காலமாக வேரூன்றி இருந்து வருகிறது.

இவ்வெண்ணத்தை மனத்திற்கொண்டு, 2018ஆம் ஆண்டு மார்ச்சு மாதப் பள்ளி விடுமுறையில், நெகிரி செம்பிலான் மாநிலத்தின் பகாவ் வட்டாரத்தைச் சேர்ந்த ஒரு தோட்டத்திலிருந்து 41 பேரை ஒரு நாள் சுற்றுலாவாகத் தலைநகருக்கு அழைத்துச் சென்றோம். பால்மரம் வெட்டுபவர்களும், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்களும், தமிழ்ப்பள்ளி மாணவர்களும் அக்குழுவில் இருந்தனர். பத்துமலையை நம் திட்டத்தில் வேண்டுமென்றே சேர்க்கவில்லை. அதனால் சிலர் முகம் சுளித்தனர் என்பதையும் மறைப்பதற்கில்லை.

திட்டத்தில் மொத்தம் பதினோர் இடங்கள் இருந்தன. ஆசிரியப் பயிற்சி பெற்றவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. ஓராண்டுப் பாடத்தையும் ஒரே மூச்சில் நடத்தி முடித்துவிட வேண்டும் என்று துடிப்பது. நாமும் அவ்வாறே செய்தோம். பட்டியலைக் கண்ட பேருந்து ஓட்டுநர் ஒன்றும் சொல்லாமல் சிரித்தார். அன்று நாம் கண்டவை ஆறு இடங்கள் மட்டுமே. அதுவே போதுமானதாக இருந்தது என்று இப்பொழுது தோன்றுகிறது. எனவே, சுற்றுலா செல்ல விரும்பும் குழுவினர்க்கு நாம் முதலில் கூறுவது இதுதான்: ஒரு நாளில் ஆறு இடங்களுக்கு மேல் திட்டமிடாதீர்கள். முதியோரும் குழந்தைகளும் உடன் வருவதாயின் ஐந்தே போதும்.

அரும்பொருளகத்தின் வாயிலில்

பிரட்டுக்கு எழும் நேரத்திலேயே எழுந்து புறப்பட்டதால், ஒன்பது மணிக்கு முன்னரே தேசிய அரும்பொருளகத்தை அடைந்தோம். மினாங்கபாவ் மரபில் இரு முனைகளும் உயர்ந்து வளைந்த கூரையையுடைய இக்கட்டடத்தைப் பாட நூல்களில் படமாகக் கண்டிருப்பீர்கள். இதற்கு முன் இவ்விடத்தில் இருந்த சிலாங்கூர் அரும்பொருளகம், இரண்டாம் உலகப் போரின் இறுதியில், 1945ஆம் ஆண்டு மார்ச்சு மாதம், நேச நாட்டு விமானங்களின் குண்டுவீச்சில் சிதைந்தது. நாடு விடுதலை பெற்றபின் அதே இடத்தில் புதிய கட்டடம் எழுப்பப்பட்டு, 1963ஆம் ஆண்டு ஆகஸ்டு 31ஆம் நாள் திறந்து வைக்கப்பட்டது.

முகப்பின் இரு பக்கங்களிலும் இரண்டு பெரிய சுவர்ச் சித்திரங்கள் உள்ளன. ஒவ்வொன்றும் 35 மீட்டர் நீளமும் 6 மீட்டர் உயரமும் உடையது. இவை தூரிகையால் தீட்டப்பட்டவை அல்ல. இத்தாலி நாட்டிலிருந்து தருவித்த வண்ணக் கண்ணாடிச் சில்லுகளை ஒன்றன்பின் ஒன்றாகப் பதித்து ஆக்கப்பட்டவை. அருகில் நின்று பார்த்தால் வெறும் சில்லுகளாகத் தெரியும். சாலையோரமாகப் பின்னோக்கி நகர்ந்து நின்று பார்த்தால்தான் நாட்டின் வரலாறும் மக்களின் வாழ்க்கையும் உருவங்களாகத் திரண்டு வரும். மாணவர்கள் முன்னும் பின்னும் ஓடி இதனைச் சோதித்துப் பார்த்து மகிழ்ந்தனர்.

மாணவர்கள் அவ்வாறு ஓடிக்கொண்டிருக்க, பெரியவர்களுள் ஏழெட்டுப் பேர் படிக்கட்டின் அடியிலேயே நின்றுவிட்டனர். எழுபத்தைந்து வயதைக் கடந்த ஒரு மூதாட்டியார், காலணியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நம்மிடம் மெல்ல வந்தார்.

“ஐயா, எங்களை எல்லாம் உள்ளே விடுவார்களா?”

இக்கேள்வி நம்மை ஒரு கணம் திகைக்க வைத்தது. தம் பதினான்காம் வயதிலிருந்து பால்மரம் வெட்டியவர் அவர். இந்நாட்டில் பிறந்து, இந்நாட்டிலேயே பேரன் பேத்திகளையும் கண்டவர். கங்காணியின் வீட்டு வாசலிலும், கிராணியின் அலுவலக வாசலிலும், துரையின் பங்களா வாசலிலும் ஒதுங்கி நின்றே பழகிய ஒரு தலைமுறையின் கேள்வி அது. “பாட்டி, இஃது அரசாங்கத்தின் வீடு. அரசாங்கம் நம்முடையது. காலணியோடே வாருங்கள்,” என்று கூறி அழைத்துச் சென்றோம். அவர் காலணியை அணிந்துகொண்டார். ஆனால் உள்ளே நுழையும் வரை நம் சட்டைக் கையை விடவில்லை.

அரும்பொருளகத்தில் நான்கு கூடங்கள் உள்ளன. முதலாவது மிகப் பழங்காலம் பற்றியது. இரண்டாவது மலாய் அரசுகள் பற்றியது. மூன்றாவது அந்நியர் ஆட்சிக் காலம் பற்றியது. நான்காவது இன்றைய மலேசியா பற்றியது. எல்லாப் பொருள்களையும் பார்த்துவிட வேண்டும் என்று முனைந்தால் ஒன்றும் மனத்தில் நில்லாது. ஒவ்வொரு கூடத்திலும் ஒன்றிரண்டு பொருள்களைத் தேர்ந்துகொண்டு, அவற்றின் முன் நிதானமாக நில்லுங்கள். விளக்கப் பலகைகள் மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்கும். அவற்றைப் படித்துத் தமிழில் கூறும் பொறுப்பினை மாணவர்களிடம் ஒப்படைத்தோம். தாத்தாவுக்குப் பேரன் ஆசிரியனான காட்சி, எந்தக் காட்சிப் பொருளுக்கும் குறைந்ததன்று.

பேராக் மாநிலத்தின் பீடோர் நகருக்கருகே, ஈயச் சுரங்கம் ஒன்றில், 1936ஆம் ஆண்டு கண்டெடுக்கப்பட்ட அவலோகிதேசுவரர் செப்புத் திருமேனி இங்கு வைக்கப்பட்டுள்ளது. எட்டுக் கரங்களை உடையது. ஈயம் தேடித் தோண்டியவர்களின் கையில் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட பௌத்தச் சிற்பம் அகப்பட்டது என்றால், இம்மண்ணின் பழைமையை எண்ணிப் பாருங்கள். கெடா மாநிலத்தின் பூஜாங் பள்ளத்தாக்கிலும் இத்தகைய பௌத்த, இந்து சமயச் சின்னங்கள் பல கிடைத்துள்ளன. தமிழகத்தில் ‘கடாரம்’ என்று பெயர் பெற்ற நாடு அதுவே. இராசேந்திர சோழனின் கடற்படை 1025ஆம் ஆண்டளவில் அங்கு வந்தது. ஆயினும் படையெடுப்புக்கு முன்னும் பின்னும் வந்து போனவர்கள் வணிகர்களே. மலாய் மொழியில் இன்றும் கப்பல் ‘கப்பால்’ என்றும், கடை ‘கெடாய்’ என்றும் வழங்குகின்றன அல்லவா? வாள் விட்டுச் சென்றதைவிடத் தராசு விட்டுச் சென்றது மிகுதி.

மூன்றாம் கூடத்தில் ஈயத்தின் கதையும் ரப்பரின் கதையும் வருகின்றன. நம் குழுவினர் அதிக நேரம் நின்றது இங்குதான்.

ரப்பர் இம்மண்ணில் தானாக முளைத்ததன்று. பிரேசில் நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட விதைகளை இலண்டன் நகரை அடுத்த கியூ தாவரப் பூங்காவில் முளைக்க வைத்து, அவற்றுள் 22 கன்றுகளை 1877ஆம் ஆண்டு சிங்கப்பூருக்கு அனுப்பினர். அவற்றுள் சில பேராக் மாநிலத்தின் கோலகங்சாரில் நடப்பட்டன. நட்ட பின்னரும் இருபது ஆண்டுக்காலம் இம்மரத்தை எவரும் பொருட்படுத்தவில்லை. காப்பி பயிரிட்டவர்கள் காப்பியே பெரிதென்றிருந்தனர். 1888ஆம் ஆண்டில் சிங்கப்பூர்த் தாவரப் பூங்காவின் தலைவராக வந்த ரிட்லி என்பவர், காண்போரிடமெல்லாம் ரப்பர் விதையைக் கொடுத்து ‘நடுங்கள், நடுங்கள்’ என்று வற்புறுத்தியதால், ‘பைத்தியக்கார ரிட்லி’ என்னும் பட்டம் பெற்றார். மலாக்காவில் டான் சே யான் என்னும் சீனப் பெருமகனார் 1896ஆம் ஆண்டு துணிந்து பயிரிட்டார். பின்னர் மோட்டார் வண்டிகள் பெருகின. சக்கரங்களுக்கு ரப்பர் தேவைப்பட்டது. மற்றவை நீங்கள் அறிந்தவையே.

ரிட்லி செய்த பெரிய பணி ஒன்று உண்டு. அதற்கு முன் ரப்பர் மரத்தைக் கோடரியால் கொத்திப் பாலெடுத்தனர்; மரம் சில காலத்தில் நலிந்து போகும். பட்டையை மெல்லிய சீவலாகச் சீவி எடுத்தால், மரம் சாகாது, பட்டை மீண்டும் வளரும், பல ஆண்டுகள் பால் தரும் என்பதை அவர் கண்டறிந்தார்.

இதனை நாம் விளக்கிக்கொண்டிருந்தபோது, வாயிலில் தயங்கி நின்ற அதே மூதாட்டியார் குறுக்கிட்டார். “சீவினால் மட்டும் போதுமா? எவ்வளவு ஆழம் என்று சொல்லுங்கள், ஐயா,” என்றார். நம்மிடம் விடை இல்லை. அவரே மாணவர்கள் பக்கம் திரும்பி, கையில் உளி இருப்பதுபோலப் பிடித்துக்கொண்டு, இடப்புறம் மேலிருந்து வலப்புறம் கீழாகக் காற்றில் ஒரு கோடு இழுத்தார். உளி மேலோட்டமாகப் போனால் பால் வாராது. கட்டைவரை போய்விட்டால் மரத்திற்குக் காயம். அக்காயத்தின்மேல் வளரும் பட்டை முண்டும் முடிச்சுமாக இருக்கும். அடுத்து அப்பட்டையில் வெட்டுபவன் உன்னைத் திட்டுவான் என்றார். கட்டையை ஒட்டிப் பட்டையில் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் கனம் விட்டுச் சீவ வேண்டும் என்று ஆராய்ச்சி நூல்கள் கூறுகின்றன. அந்த ஒரு மில்லிமீட்டரை, விடியுமுன் நெற்றி விளக்கின் வெளிச்சத்தில், நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான மரங்களில் தவறாமல் அளந்த கை அது. விடியுமுன் ஏன் வெட்ட வேண்டும் என்று ஒரு மாணவன் கேட்டதற்கு, “வெயில் ஏறினால் மரம் பாலை இறுக்கிக்கொள்ளும்,” என்றார். குளிர்ந்த நேரத்தில் மரத்தினுள் நீரழுத்தம் மிகுந்திருப்பதால் பால் நன்கு வடிகிறது. வெயில் ஏற ஏற இலைகள் வழியே நீர் ஆவியாகி அவ்வழுத்தம் குறைகிறது. அவர் சொன்னதற்கு நூலார் தரும் காரணம் இதுவே.

பார்க்க வந்த வெளிநாட்டார் இருவரும் நம் கூட்டத்தின் ஓரத்தில் நின்று அவர் கையசைவைப் பார்த்துக்கொண்டிருந்தனர்.

இரண்டு ஆறுகள், ஒரு பள்ளிவாசல்

அங்கிருந்து பழைய இரயில் நிலையத்தின் வழியாகச் சென்றோம். 1910ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்ட அந்நிலையத்தில், கோபுரங்களும் குவிமாடங்களும் சூழ்ந்த அதன் அழகைக் கண்டு, ‘இஃது அரண்மனையா?’ என்று மாணவர் ஒருவர் கேட்டார். நெடுந்தூர இரயில்கள் 2001ஆம் ஆண்டில் சென்ட்ரல் நிலையத்திற்கு மாறும் வரை, நாட்டின் நடு நிலையமாக விளங்கியது இதுவே. நம் முன்னோர் பலர், பினாங்குத் துறைமுகத்திலோ சுவெட்டன்ஹாம் துறைமுகத்திலோ இறங்கி, இந்த இருப்புப் பாதைகளின் வழியாகவே தோட்டங்களுக்குப் பிரிந்து சென்றனர். பாதை போட்டவர்களிலும் பெரும்பாலோர் நம்மவரே.

கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் கூடும் இடத்தில் நிற்கிறது ஜாமெக் பள்ளிவாசல். கோலாலம்பூர் என்னும் பெயருக்கே ‘சேற்று நீர்க் கூடல்’ என்பது பொருள். 1857ஆம் ஆண்டில், கிள்ளானை ஆண்ட ராஜா அப்துல்லாவின் ஆதரவில், ஈயம் தேடிய சீனத் தொழிலாளர் படகுகளில் ஆற்றோடு மேலேறி வந்தனர். படகு இதற்குமேல் செல்ல இயலாது என்ற இடத்தில் இறங்கி, காட்டு வழியே அம்பாங்கிற்கு நடந்தனர். இறங்கிய துறையில் கடைகள் தோன்றின. அதுவே ஊராயிற்று. காய்ச்சலும் சண்டையும் பலமுறை அவ்வூரை அழித்தன. 1881ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தீயும், அதன் இறுதியில் வெள்ளமும் ஊரை வாரிக்கொண்டு போயின. அத்தாப்புக் கூரையும் மர வீடும் இனி வேண்டாம், செங்கல்லாலும் ஓட்டாலும் கட்டுங்கள் என்ற ஆணை அதன்பின் பிறந்தது. செங்கல் அறுத்த இடம்தான் இன்று நாம் புடவைக்கும் பூமாலைக்கும் சென்று வருகிற பிரிக்பீல்ட்ஸ்.

பள்ளிவாசல் 1909ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. செங்கல்லின் சிவப்பும் சுதையின் வெண்மையும் மாறி மாறி வரும் வரிகளைக் காணலாம். மூன்று குவிமாடங்களும் இரண்டு மினாராக்களும் உடைய இதனை வரைந்தவர் ஹப்பேக் என்னும் ஆங்கிலக் கட்டடக் கலைஞர். இரயில் நிலையத்தை வரைந்தவரும் அவரே. வட இந்திய முகலாயக் கட்டடங்களை அவர் முன்மாதிரியாகக் கொண்டார். 1965ஆம் ஆண்டு தேசியப் பள்ளிவாசல் எழும் வரை தலைநகரின் முதன்மைப் பள்ளிவாசல் இதுவாகவே இருந்தது.

இங்கு ஒரு செய்தியைக் கவனியுங்கள். பள்ளிவாசல் 1909, இரயில் நிலையம் 1910. உலகச் சந்தையில் ரப்பர் விலை உச்சத்தைத் தொட்டதும் 1910ஆம் ஆண்டில்தான். தமிழ்நாட்டிலிருந்து தொழிலாளர் கப்பல் கப்பலாக வந்திறங்கிய காலமும் அதுவே. ஈயமும் ரப்பரும் ஈட்டிய செல்வத்தின் மேல்தான் இந்நகரின் அழகிய கட்டடங்கள் பல எழுந்தன. இதனைச் சொன்னபோது நம் குழுவிலிருந்த நடுவயதுத் தொழிலாளர் ஒருவர், “அப்படியானால் எங்கள் தாத்தா காலத்துப் பால் இங்கேதான் உறைந்திருக்கிறது,” என்றார். அனைவரும் சிரித்தனர்.

முசுலிம் அல்லாதாரும் தொழுகை நேரம் தவிர்த்துப் பள்ளிவாசலினுள் செல்லலாம். வெள்ளிக்கிழமை நண்பகலில் செல்லுதல் தகாது. காலணிகளை வெளியே விட வேண்டும். முழங்கால் தெரியும் உடை அணிந்து வந்தவர்களுக்கும், தலைமூட வேண்டிய பெண்களுக்கும் நீண்ட அங்கி இரவலாகத் தருகின்றனர், அதற்குக் கட்டணமில்லை. நம் பெண்டிர் முதலில் தயங்கினர். பின்னர் அங்கியை அணிந்துகொண்டு ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தவாறே உள்ளே சென்று, அங்கிருந்த குளிர்ச்சியிலும் அமைதியிலும் பேச்சடங்கி நின்றனர். வழிகாட்டிய மலாய் இளைஞர், ஒவ்வொரு கேள்விக்கும் பொறுமையாக விடையளித்தார்.

ஆற்றுக்கு அப்பால் சுல்தான் அப்துல் சமாட் கட்டடமும் அதன் மணிக்கூண்டும் உள்ளன. 1897ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்ட இக்கட்டடத்தின் எதிரிலுள்ள திடலில்தான், 1957ஆம் ஆண்டு ஆகஸ்டு 30ஆம் நாள் நள்ளிரவில், பிரிட்டிஷ் கொடி இறக்கப்பட்டு மலாயாவின் கொடி ஏற்றப்பட்டது. அத்திடலே இன்று மெர்டேக்கா சதுக்கம். விடிந்தபின், மெர்டேக்கா அரங்கத்தில் துங்கு அப்துல் ரகுமான் ‘மெர்டேக்கா’ என ஏழு முறை முழங்கினார். நண்பகல் வெயிலில் திடல் தகித்தது. ஆகவே இங்கு அதிக நேரம் நிற்கவில்லை, படமெடுத்துக்கொண்டு புறப்பட்டோம். மாலை ஐந்து மணிக்கு மேல் வருவதே நன்று.

கட்டுச்சோறும் கடைத்தெருவும்

ஏரிப் பூங்கா என்று நாம் வழங்கிவந்த பெர்டானா தாவரவியல் பூங்காவில், மரநிழலில் அமர்ந்து, கட்டி வந்த புளிச்சோற்றையும் அவித்த முட்டையையும் உண்டோம். நகரில் உணவகங்களுக்குக் குறைவில்லை. ஆயினும் 41 பேர் ஒரே நேரத்தில் உணவகத்தினுள் நுழைந்தால் ஒரு மணி நேரமும் ஓரளவு பணமும் அங்கேயே கழிந்துவிடும். கட்டுச்சோறு எடுத்துச் செல்லுங்கள். பொட்டலக் காகிதங்களை மறவாமல் தொட்டியில் போடுங்கள்.

பிற்பகலில் மத்தியச் சந்தைக்குச் சென்றோம். இப்பொழுதுள்ள கட்டடம் 1937ஆம் ஆண்டைச் சேர்ந்தது. மீனும் இறைச்சியும் காய்கறியும் விற்ற இச்சந்தை, 1980ஆம் ஆண்டுகளின் நடுவில் கைவினைப் பொருள்களின் அங்காடியாக மாற்றப்பட்டது. பாத்தேக் துணி, பிரம்புக் கூடை, மரச் செதுக்கல் என்று பலவும் உண்டு. விலையைக் கேட்டதும் நம்மவர் பின்வாங்கினர். வாங்காமல் பார்ப்பதற்குக் காசில்லை என்று கூறித் தேற்றினோம். துணியில் உருகிய மெழுகால் கோடிழுத்துச் சாயம் ஏற்றும் முறையை மாணவிகள் வெகுநேரம் கண்டு நின்றனர். மெழுகு பட்ட இடத்தில் சாயம் ஒட்டாது. அதுதான் பாத்தேக்கின் இரகசியம்.

அங்கிருந்து நடந்தே செல்லும் தொலைவில் இரண்டு கோயில்கள் உள்ளன. ஒன்று 1864ஆம் ஆண்டில் யாப் ஆ லோய் நிறுவிய சின் சே சி யா கோயில். நகரின் மிகப் பழைய சீனக் கோயில். இங்கு வணங்கப்படுபவர்களுள் ஒருவர், சுங்கை ஊஜோங்கில் சீனர் தலைவராக விளங்கி, 1860ஆம் ஆண்டில் கொல்லப்பட்டவர். சுங்கை ஊஜோங் என்பது இன்றைய சிரம்பான் பகுதி. நம் மாநிலத்துக்காரர் ஒருவர் தலைநகரில் தெய்வமாக இருக்கிறார் என்று தெரிந்ததும், நெகிரி செம்பிலானிலிருந்து வந்த நம் குழுவினர்க்கு அக்கோயில் சொந்தமாகிவிட்டது.

மற்றொன்று துன் எச். எஸ். லீ சாலையில் உள்ள ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயம். தம்புசாமிப் பிள்ளை அவர்கள் 1873ஆம் ஆண்டு தம் குடும்பக் கோயிலாக நிறுவியது. 1885ஆம் ஆண்டில் இப்போதைய இடத்திற்கு வந்தது. ஐந்து நிலைகளையும் ஏறத்தாழ 23 மீட்டர் உயரத்தையும் உடைய இராசகோபுரம் 1968ஆம் ஆண்டு எழுந்தது. பத்துமலைக்கு வெள்ளிரதம் புறப்படுவது இங்கிருந்துதான். பத்துமலையைத் திட்டத்தில் சேர்க்காததற்காக நம்மிடம் மனத்தாங்கல் கொண்டிருந்தவர்கள் இங்கு ஓரளவு சமாதானம் அடைந்தனர்.

நாலரை மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. தலைநகரில் மார்ச்சு மாதப் பிற்பகல் மழை எதிர்பாராத ஒன்றன்று. குடை கொண்டுவரச் சொல்ல மறந்தது நம் பிழை. பெட்டாலிங் தெருவைப் பார்த்துவிட்டு வருகிறோம் என்று சென்ற இளைஞர் இருவர் வந்து சேர நாற்பது நிமிடம் ஆயிற்று. அந்த நாற்பது நிமிடத்தில் எஞ்சிய ஐந்து இடங்களும் பட்டியலிலிருந்து நீங்கின. ஓரிடத்தில் இறங்கியவுடன், கூடும் இடத்தையும் நேரத்தையும் அனைவர்க்கும் தெளிவாகக் கூறிவிடுதல் வேண்டும். குழந்தைகளின் சட்டைப் பையில் பொறுப்பாளரின் தொலைபேசி எண்ணை எழுதி வைத்தல் வேண்டும். 1998ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்ட, 452 மீட்டர் உயர இரட்டைக் கோபுரத்தை, மழை நீர் வழியும் பேருந்துச் சன்னலின் ஊடே மட்டுமே காட்ட முடிந்தது. மாணவர்களுக்கு ஏமாற்றந்தான்.

பத்து வெள்ளியின் கட்டடம்

இறுதியாகச் சென்றது சுல்தான் சுலைமான் சாலையிலுள்ள விஸ்மா துன் சம்பந்தன். அங்குள்ள கே. ஆர். சோமா அரங்கில் அன்று மாலை மாணவியரின் பரதநாட்டிய நிகழ்ச்சி ஒன்று நடைபெறவிருந்தது, அனுமதி இலவசம். நூல் வெளியீடு, நாடகம், நாட்டியம் எனத் தலைநகர்த் தமிழரின் நிகழ்ச்சிகள் பல நடைபெறும் அரங்கம் அது.

அரங்கினுள் செல்லுமுன் இக்கட்டடத்தின் கதையைக் கூறினோம். விடுதலைக்குப்பின் வெள்ளையர் நிறுவனங்கள் பல தங்கள் தோட்டங்களை விற்கத் தொடங்கின. வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாகப் பிரித்து மறுவிற்பனை செய்தனர். தோட்டம் துண்டாடப்பட்டபோது வேலை போயிற்று. வேலையோடு லயத்து வீடும் போயிற்று. மூன்று தலைமுறை வாழ்ந்த இடத்தைவிட்டு மூட்டை கட்டியவர்களின் துயரத்தை இங்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. உங்கள் பெரியவர்களைக் கேளுங்கள். அந்நிலையில் துன் வீ. தி. சம்பந்தன் அவர்கள் தோட்டந்தோட்டமாகச் சென்று, தொழிலாளரே பங்கு சேர்த்துத் தோட்டங்களை வாங்குவோம் என்றார். 1960ஆம் ஆண்டில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. மாதம் பத்து வெள்ளி வீதம் தொழிலாளர் செலுத்திய சந்தாப் பணத்தில், கெடா மாநிலத்தின் புக்கிட் சீடிம் தோட்டம் முதலில் வாங்கப்பட்டது. பின்னர் மேலும் பல தோட்டங்கள் வந்து சேர்ந்தன. இக்கட்டடம் அச்சங்கத்தினுடையது.

நாம் பேசி முடிக்குமுன் அந்த மூதாட்டியார் முந்தானை முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினார். அதிலிருந்து நான்காக மடித்த ஒரு பழுப்புக் காகிதத்தை எடுத்தார். அவர் கணவரின் பெயரிலிருந்த சங்கப் பங்குச் சான்றிதழின் நகல். கணவர் மறைந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. பட்டணம் போகிறோமே, எதற்கும் இருக்கட்டும் என்று எடுத்து வந்தாராம். “பத்து வெள்ளி என்றால் அப்பொழுது பல நாள் கூலி, ஐயா. மாதா மாதம் சண்டைதான். பிள்ளைக்குப் பால்மாவு வாங்காமல் எவருக்கோ கொண்டுபோய்க் கொடுக்கிறாயே என்று நான் கத்துவேன். அவர் வாயே திறக்கமாட்டார்.”

காலையில் அரும்பொருளக வாயிலில் கேட்ட கேள்வியை இங்கு அவர் கேட்கவில்லை. நமக்கு முன்னாலேயே நடந்து, கண்ணாடிக் கதவைத் தாமே தள்ளிக்கொண்டு உள்ளே சென்றார். கூடத்துச் சுவரை உள்ளங்கையால் தடவிப் பார்த்துவிட்டு, அங்கிருந்த காவலரிடம், “தம்பி, என் வீட்டுக்காரருடைய பத்து வெள்ளி இதில் எந்தக் கல்?” என்றார்.

காவலருக்கு ஒன்றும் விளங்கவில்லை. நாம் விளக்கிச் சொன்னபின், அவர் எழுந்து, தம் நாற்காலியைப் பாட்டியின் பக்கம் நகர்த்திப் போட்டார்.

நடனம் ஒன்றேகால் மணி நேரம் நடந்தது. தட்டடவும் நாட்டடவும் அறியாத நம் மாணவிகள், சிறு வயதுப் பெண்ணொருத்தி காலைத் தட்டும் ஒலிக்கும் மிருதங்க ஒலிக்கும் இடையே இம்மியளவும் பிசகாமையைக் கண்டு வியந்தனர். முத்திரைகளின் பொருளை நாம் தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டே வந்தோம். சற்று நேரத்திற்குப்பின் அவர்களாகவே ஊகிக்கத் தொடங்கிவிட்டனர். மூதாட்டியார் நடனத்தை எவ்வளவு பார்த்தார் என்று சொல்ல முடியாது. அரங்கின் கூரையையும் விளக்குகளையும் இருக்கைகளையும் அவர் வரிசையாக எண்ணிக்கொண்டிருந்ததாகப் பக்கத்தில் அமர்ந்திருந்த பேத்தி கூறினாள்.

ஒன்பதரை மணிக்குப் பேருந்து புறப்பட்டது. காஜாங்கைக் கடக்குமுன் குழந்தைகள் அனைவரும் உறங்கிவிட்டனர். முன் இருக்கையில் அமர்ந்திருந்த மூதாட்டியார் மட்டும் உறங்காமல் வந்தார். சிரம்பானை நெருங்கும்போது நம்மை அழைத்து, காலையில் படித்துக் காட்டிய பட்டியலில் பதினோர் இடங்கள் இருந்தனவே, மிச்சம் ஐந்துக்கு எப்பொழுது அழைத்துப் போவீர்கள் என்று கேட்டார்.